சிறைச்சாலைத் தாதியும் நேர்முகப் பரீட்சையும்

கேகாலை மாவட்டத்திலே, சிவனொளிபாத மலையை நோக்கி உயர்ந்து செல்லும் குன்றுகளின் மேற்குச் சரிவில் அமைந்த ஊர் தெரணியகலை. மழைக்குப் பேர்போன இடம். ஊரை ஒட்டிச் சீதாவாக்கை ஆறு ஓடுகின்றது. தாழ்வான நிலங்களில் றப்பர் மரங்களும், உயர்ந்த சரிவுகளில் தேயிலையும் நிற்கின்றன. அவற்றின் இடையிடையே தோட்டத் தொழிலாளரின் லயங்கள். அத்தகைய லயம் ஒன்றிலே பிறந்து, தோட்டத்துப் பாடசாலையிலே தொடங்கி, தாதியர் பயிற்சியை முடித்துப் பதிவும் பெற்றுவிட்ட ஓர் இளம் பெண்ணை நேயர்கள் மனத்திலே எண்ணிக்கொள்வார்களாக. அவளுக்குப் பெயர் வேண்டியதில்லை. அவளைப் போன்றவர் இன்று மலையகத்தில் ஒருவர் இருவர் அல்லர்.

அப்பெண்ணுக்கு ஒரு கடிதம் வருகின்றது. சிறைச்சாலை வைத்தியசாலையில் தாதியாகப் பணிபுரிதற்கான நேர்முகப் பரீட்சைக்கு வருமாறு அழைக்கும் கடிதம் அது. தோட்டத்துக் கடிதங்கள் வீட்டு வாசலுக்கு நேரே வருவன அல்ல. தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கே தங்கி, பின்னரே உரியவர் கையைச் சேர்வன. குறித்த நாள் கடந்த பின்னர் கடிதம் கிடைத்து உத்தியோகத்தை இழந்தோரின் கதை மலையகத்திற்குப் புதிதன்று. நல்வினைப் பயனாக இக்கடிதம் பத்து நாள் முன்னரே அவள் கையை அடைந்துவிட்டது. பெண் மகிழ்ந்தாள். ஆனால் தாய் மகிழவில்லை.

"ஜெயிலுக்கா போகப் போற? வேற வேலையே கெடைக்கலையா புள்ள?" என்றாள் தாய்.

"ஜெயிலுக்கு இல்லம்மா. ஜெயில்ல இருக்கிற சீக்காளிகளப் பாக்கத்தான் போறேன்" என்றாள் மகள்.

தாய் மறுமொழி கூறவில்லை. கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

அறியாமையால் எழுந்த அச்சம் என்று அத்தாயின் சொல்லை ஒதுக்கிவிடலாகாது. சிறை என்னும் சொல்லுக்குத் தோட்டங்களிலே ஒரு வரலாறு உண்டு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலொப்பந்தச் சட்டத்தின்படி, அறிவித்தல் கொடாது தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி வெறும் ஒப்பந்தத்தை மீறியவன் அல்லன், குற்றவாளி. அவனுக்கு மூன்று மாதம் வரையிற் கடூழியச் சிறை விதிக்க இடமிருந்தது. கடன்பட்டுக் கங்காணியிடம் சிக்கியவன், கூலி கிடையாதவன், நோயுற்ற தாயைக் காணப் புறப்பட்டவன் ஆகிய எவனும் இச்சட்டத்தின் கைக்கு அகப்படக்கூடியவனாகவே இருந்தான். 1920களின் தொடக்கத்திலேதான் அத்தண்டனை விதிகள் நீக்கப்பட்டன. அதற்குள் இரண்டு மூன்று தலைமுறைகள் சிறையைக் கண்டுவிட்டன. களவு செய்தவனுக்கு மாத்திரம் உரிய இடம் சிறை என்று பிறர் எண்ணலாம். வறியவன் எவனும் போக நேரும் இடம் என்பதே தோட்டத்தின் நினைவு.

அரசாங்க உத்தியோகத்துக்கும் இம்மக்களுக்கும் இடையே இன்னொரு சுவரும் நின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. குடியுரிமை இல்லாதார்க்கு அரசாங்கத் தாதிப் பயிற்சி ஏது? 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. 1988இலும் 2003இலும் இயற்றப்பெற்ற சட்டங்களாலேயே எஞ்சியோரின் நிலை ஒருவாறு தீர்ந்தது. ஆதலின் அப்பெண்ணின் கையில் இருக்கும் கடிதத்தின் பின்னே நீண்ட காத்திருப்பு ஒன்று இருக்கின்றது. அவள் அப்பரீட்சைக்கு எங்ஙனம் ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இலங்கையிலே சுகாதார சேவையினின்று சிறைப்பணிக்குச் செல்வதாயினுஞ் சரி, இங்கிலாந்து போன்ற நாடுகளிலே நேரே விண்ணப்பித்துச் செல்வதாயினுஞ் சரி, பரீட்சைச் சபை முதலிலே கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "வேறு எத்தனையோ வைத்தியசாலைகள் இருக்கச் சிறைச்சாலையை ஏன் விரும்பினீர்?" இக்கேள்விக்குச் "சேவை செய்ய ஆசை" என்று பொதுவாகச் சொல்லி முடிப்பவர் பலர். அவ்விடை எந்த உத்தியோகத்துக்கும் பொருந்தும். அதனாலேயே எந்த உத்தியோகத்துக்கும் போதாது. தாதித் தொழிலுக்கும் சிறைக்கும் உள்ள உறவை அறிந்தவளே இதற்கு நேரான விடை கூற வல்லவள்.

அவ்வுறவு பழையது. இங்கிலாந்தில் ஜோன் ஹவார்ட் என்பார் 1773இல் பெட்போர்ட்சயர்ப் பகுதியின் உயர் அதிகாரியாக நியமனம் பெற்றபோது தம் பொறுப்பிலிருந்த சிறைகளை நேரிற் சென்று பார்த்தார். தூக்குமேடையைவிடச் சிறைக் காய்ச்சலே அதிகமானோரைக் கொன்றுகொண்டிருப்பதைக் கண்டார். 1777இல் அந்நிலைமையை நூலாக வெளியிட்டார். 1790இல் ரஷ்யப் பேரரசின் கெர்சன் நகரிலே அவரும் காய்ச்சலுக்கே இரையானார். அவர்க்குப் பின் எலிசபெத் பிறை அம்மையார் 1813இல் இலண்டன் நியூகேற் சிறைக்குள் நுழைந்து, குழந்தைகளோடு வைக்கோலிற் கிடந்த பெண்களைக் கண்டார். அந்த அம்மையாரே 1840இல் தாதியர்க்குப் பயிற்சி அளிக்கும் நிறுவனம் ஒன்றை இலண்டனில் தொடக்கினார்.

ஜெர்மனியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. கைசர்ஸ்வேர்த் என்னும் சிற்றூரின் குருவானவர் பிளீட்னர், 1833இல், சிறையினின்று விடுதலையாகிப் போக்கிடமின்றி வந்த ஒரு பெண்ணுக்குத் தம் தோட்டத்துச் சிறு குடிலிலே இடங் கொடுத்தார். அப்பணியின் தொடர்ச்சியாக 1836இல் அங்கே வைத்தியசாலையும் தாதியர் பயிற்சியும் தோன்றின. அவ்விடத்திற்கே 1851இல் புளோரன்ஸ் நைற்றிங்கேல் சென்று பயின்றார். 1860இல் அவர் பெயரால் இலண்டனிலே பள்ளி எழுந்தது. இன்று உலகெங்கும் வெள்ளுடை அணிந்து நிற்கும் தாதியர் குலத்தின் வேர் ஒன்று சிறைவாசலிலே ஊன்றியிருக்கின்றது. இதனை அறிந்தவள், "தாதித் தொழிலுக்குச் சிறை அயலிடம் அன்று" என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

தமிழர் வரலாறும் இதற்குச் சான்று பகரும். விடுதலைப் போராட்டத்தில் 1908இல் சிறைப்பட்ட சுப்பிரமணிய சிவா, 1912இல் வெளிவந்தபோது தொழுநோயுடன் வந்தார். 1925இல் மறையும் வரை அந்நோய் அவரை விடவில்லை. தென்னாபிரிக்காவின் நெல்சன் மண்டேலா 1988இல், சிறையிலிருந்த காலத்திலேயே, சயரோகத்துக்கு ஆளானார். அந்நோய் வேளைக்குக் கண்டறியப்பட்டது, சிகிச்சை கிடைத்தது, அவர் உயிர் பிழைத்து, 1994இல் நாட்டின் தலைவரானார். நோய் சிறைக்குள் நுழைவதை முற்றாகத் தடுக்க இயலாது. வேளையோடு கண்டறிபவர் அங்கே இருக்கின்றாரா இல்லையா என்பதே வேறுபாடு.

இனி, எத்தகையோர்க்குப் பணி செய்யப் போகின்றோம் என்பதை அவள் அறிந்திருத்தல் வேண்டும். சிறை என்றதும் கொலைஞரும் கொள்ளைக்காரருமே பலருடைய கண்முன் தோன்றுவர். உண்மை நிலை வேறு. இலங்கைச் சிறைகளிலே அண்மை ஆண்டுகளில் அடைபட்டிருப்போர் தொகை, அவற்றின் கொள்ளளவைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்டது. அவர்களிற் பெருந்தொகையினர் தீர்ப்பு இன்னும் வழங்கப்படாத விளக்கமறியற் கைதிகள். தண்டனை பெற்றவர்களிலும், தண்டப்பணம் கட்ட வழியின்றி உள்ளே வந்தோர் பலர். போதைப்பொருட் பழக்கத்தால் வந்தோர் மிகப் பலர். கேகாலை மறியற்சாலையும் குருவிட்டைச் சிறைச்சாலையும் தெரணியகலைக்குத் தொலைவில் இல்லை. கசிப்பு வழக்கிலே பிடிபட்டு, தண்டப்பணத்துக்கு வழி காணாது அத்தகைய இடங்களுக்குப் போய் வந்தவர்களை எந்தத் தோட்டத்திலும் காணலாம்.

இடநெருக்கடி ஒன்றே பல நோய்களுக்குத் தாய். ஒருவர் படுக்கும் இடத்திலே இருவர் மூவர் படுத்தால் சொறியும் சிரங்கும் பரவும். காற்றோட்டமில்லாத அறையிலே சயரோகம் பரவும். சயரோகத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதம் இடைவிடாது மருந்துண்ணல் வேண்டும். மூன்றாம் மாதத்திலே கைதி விடுதலையானால் எஞ்சிய மருந்தை யார் கொடுப்பது? அவனுடைய மாவட்டத்து மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு எழுதி, அவன் செல்லும் நாளைக் குறித்து, கையிலே சீட்டையுங் கொடுத்து அனுப்புவதும் தாதியின் கடமையே. சிறை மதிலுக்கு உள்ளே அரைகுறையாக விடப்பட்ட நோய், மதிலுக்கு வெளியே லயத்திலும் பஸ்ஸிலும் பரவும். எனவே கைதியின் உடல்நலம் கைதிக்கு மாத்திரம் உரிய காரியம் அன்று.

பரீட்சைச் சபை விரும்பிக் கேட்கும் இன்னொரு கேள்வி, கைதி வந்து சேரும் முதல் நாளைப் பற்றியது. சிறை வைத்தியத்திலே அந்த முதல் நாளுக்கு நிகரான நாள் வேறில்லை. ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். வெள்ளிக்கிழமை மாலை ஒரு தோட்டத் தொழிலாளி விளக்கமறியலுக்குக் கொண்டுவரப்படுகின்றான். பல ஆண்டு குடிப்பழக்கம் உடையவன். அன்றிரவு கை நடுங்குகின்றது, உடல் வியர்க்கின்றது. மறுநாள் வலிப்பு வருகின்றது. மூன்றாம் நாள் சுவரிலே பூச்சிகள் ஊர்வதாகக் கூவுகின்றான். "இவன் நடிக்கின்றான்" என்கின்றார் ஒரு காவலர். "பைத்தியம்" என்கின்றார் மற்றொருவர். இரண்டும் அன்று. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால், முதலிரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் புத்தி மயக்கமும் தோன்றக்கூடும். கவனியாது விட்டால் உயிரும் போகும். "கடைசியாக எப்போது குடித்தீர்?" என்ற ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால், வைத்தியரை வேளைக்கு அழைத்திருக்கலாம்.

அம்முதல் நாளிலே கேட்கவேண்டியவை இன்னும் உள. நீரிழிவு உண்டா, இன்சுலின் ஏற்றுபவரா, வலிப்புக்கு மாத்திரை உண்பவரா, நெஞ்சு நோய் உண்டா, இருமல் எத்தனை வாரமாக இருக்கின்றது, பெண்ணாயின் கருவுற்றிருக்கின்றாரா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் முன்னே தோன்றியதுண்டா, இப்போது உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூசுவர். கேட்பதனாலேயே அவ்வெண்ணம் உண்டாகிவிடும் என்று அஞ்சுவர். அது தவறு. சிறையில் முதல் நாட்களே தற்கொலைக்கு மிக அஞ்ச வேண்டிய நாட்கள். நேராகவும் அமைதியாகவும் கேட்கும் ஒருவரே அந்நிலையில் உள்ளோர்க்குப் பற்றுக்கோடு.

இவ்விடத்திலேதான் தெரணியகலைப் பெண்ணுக்கு உரிய சிறப்பு வெளிப்படுகின்றது. தமிழ் மாத்திரம் தெரிந்த ஒரு முதியவர், சிங்களத்திலே கேட்கப்படும் எல்லாக் கேள்விக்கும் தலையை அசைத்துவிடுவார். "நோய் எதுவும் இல்லை" என்று பதிவாகிவிடும். அவர் "நெஞ்சு அடைக்குது", "மேலெல்லாம் வலி" என்று தோட்டத்து வழக்கிலே சொல்வதன் பொருள் அவளுக்கே விளங்கும். ஆனால் தமிழறிவு மாத்திரம் போதாது. உடன் பணிபுரிவோரும் காவலரும், கைதிகளிற் பெரும்பாலோரும் சிங்களம் பேசுவோர். சிங்களத்திலே நோய்க்குறிப்புக் கேட்கவும், தேவையாயின் ஆங்கிலத்திலே எழுதவும் அவளால் இயலல் வேண்டும். மொழியை ஒரு குறையாக எண்ணி அவள் ஒடுங்கியிருத்தல் ஆகாது. "மூன்று மொழியிலும் நோயாளியின் சொல்லைக் கேட்க என்னால் இயலும்" என்பது சபையின் முன் துணிந்து கூறத்தக்க தகுதி.

அடுத்து வருவன அறநெறி பற்றிய கேள்விகள். இவற்றுக்கு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட விதிகள் நல்ல துணை. 1955இல் ஜெனீவாவிலே முதன்முதல் வகுக்கப்பட்ட விதிகளைத் திருத்தி அமைத்து, அவற்றுக்கு மண்டேலா விதிகள் என்று பெயர் சூட்டினர். அவற்றின் மருத்துவப் பகுதியை ஒருமுறையேனும் அவள் படித்திருத்தல் நன்று. வெளியே உள்ளோர்க்குக் கிடைக்கும் மருத்துவமே உள்ளே இருப்போர்க்கும் கிடைத்தல் வேண்டும் என்பது ஒன்று. மருத்துவ முடிவை மருத்துவப் பணியாளரே எடுக்கலாம், சிறையதிகாரி அதனை மாற்றலாகாது என்பது மற்றொன்று. தண்டனை விதிப்பதிலே மருத்துவப் பணியாளர் எவ்விதப் பங்கும் கொள்ளலாகாது. ஆயினும் தனியறையில் அடைக்கப்பட்டவரை நாள்தோறும் சென்று பார்த்தல் வேண்டும். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்கு விலங்கிடல் ஆகாது. பெண் கைதிகளுக்கெனப் பாங்கொக் விதிகள் 2010இலேயே வகுக்கப்பட்டுவிட்டன.

விதிகளை ஒப்பித்தாற் போதுமோ எனின், போதாது. சபையார் விதியைக் கேளார், நிகழ்ச்சியைக் கூறி, "நீர் யாது செய்வீர்?" என்று கேட்பர். கைகலப்பு ஒன்றிலே ஒரு கைதியும் ஒரு காவலரும் காயமுற்றனர். யாரை முதலிற் பார்ப்பீர்? காயத்தின் கடுமையே வரிசையைத் தீர்மானிக்கும் என்பதே விடை. உடையின் நிறம் அதனைத் தீர்மானிக்காது. ஒரு கைதியின் முதுகிலே தடிப்புகள் காணப்படுகின்றன. "வழுக்கி விழுந்தான் என்று எழுதுங்கள்" என்று ஒருவர் சொல்கின்றார். என்ன எழுதுவீர்? கண்டதைக் கண்டபடியே எழுதவேண்டும்: எத்தனை தடிப்பு, எவ்வளவு நீளம், என்ன நிறம், எந்நேரம் பார்க்கப்பட்டது, கைதி தம் வாயாற் சொன்னது யாது என்பன எல்லாம். எழுதியபின் வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். காணாததைச் சேர்த்தலும் தவறு. கண்டதை விடுதலும் தவறு. பழிவாங்கலுக்கு அக்கைதி ஆளாகாதபடி பார்த்துக்கொள்வதும் அக்கடமையைச் சேர்ந்ததே.

இன்னொரு கேள்வி. "மிஸ், ஒரு விஷயம் சொல்லுவேன், யாருக்குஞ் சொல்லக்கூடாது" என்கின்றார் ஒரு நோயாளி. சொல்லமாட்டேன் என்று உடனே வாக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாகாது. நோய் பற்றிய இரகசியத்தைக் காப்பது தாதியின் கடன். ஆனால் ஓர் உயிருக்கு உடனடியான ஆபத்து உண்டெனின் அதனைத் தன்னுள்ளே வைத்திருக்க அவளுக்கு உரிமையில்லை. அந்த எல்லையை, நோயாளி வாய் திறக்கும் முன்னரே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். பின்னர் வாக்குத் தவறியவள் என்னும் பெயர் வராது.

பாதுகாப்புப் பற்றிய கேள்விகளை அறக் கேள்விகளுக்குப் பகையென்று எண்ணவேண்டியதில்லை. வைத்தியசாலையிலே ஒரு கத்தரிக்கோல் காணாமற்போனால் தேடிக்கொள்ளலாம். சிறையிலே அது காணாமற்போனால் வாயில்கள் யாவும் அடைபடும். ஊசி, கத்தரி, கண்ணாடிக் குப்பி ஆகியவற்றைப் பணி தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணிக் கையொப்பமிடல் வேண்டும். திறவுகோல் கையை விட்டு நீங்கலாகாது. மாத்திரையை உள்ளங்கையிலே வைத்துவிட்டு அப்பாற் செல்லலாகாது; விழுங்கியதைப் பார்த்த பின்னரே அடுத்தவரிடம் செல்லல் வேண்டும். ஒருவர் விழுங்காது சேர்த்துவைத்த மாத்திரைகள் நாளை விலைப்பொருளாகலாம். அன்றி ஒருவரின் உயிரைக் குடிக்கலாம். நள்ளிரவிலே அறைக்குள் ஒருவர் விழுந்து கிடக்கக் கண்டாலும், காவலர் வராமுன் தனியே உள்ளே புகலாகாது. உடனே அழைத்து, வெளியே நின்று அவரோடு பேசிக்கொண்டே, மருத்துவப் பெட்டியை ஆயத்தஞ் செய்தல் வேண்டும்.

இவற்றினும் நுட்பமானது உதவி கேட்கும் வழக்கம். "மிஸ், இந்தக் கடிதத்த மட்டும் வெளிய போட்டுருங்க. என் புள்ளைக்குப் பொறந்த நாள்" என்று ஒரு கைதி கெஞ்சக்கூடும். அதிலே வஞ்சகமே இல்லாதிருக்கலாம். ஆயினும் இன்று கொண்டுசென்ற கடிதம் நாளை இன்னொன்றைக் கொண்டுசெல்லும்படி அச்சுறுத்தும் கருவியாகும். "அது என்னால் இயலாது, கடிதம் அனுப்புதற்குரிய அலுவலரிடம் உங்கள் விருப்பத்தை அறிவிக்கின்றேன்" என்பதே அன்புக்கும் ஒழுங்குக்கும் பொருந்திய மறுமொழி.

உண்மையான செய்தியை வேளைக்குச் சொல்வதும் பாதுகாப்பே என்பதை 2020ஆம் ஆண்டு உணர்த்திற்று. கொரோனாத் தொற்றின் அச்சம் பரவியிருந்த அந்நாளில், நவம்பர் 29ஆந் தேதி மகர சிறைச்சாலையிலே கலவரம் மூண்டது. 11 கைதிகள் உயிரிழந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பூட்டிய அறைக்குள் இருப்பவனுக்கு நோயைவிட நோய்பற்றிய வதந்தியே கொடியது. ஓட இடமில்லாதவன் அவன். அவனிடம் நம்பத்தக்க வார்த்தை பேசுவோர் இருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் நூலறிவால் வருவன. ஆனால் தெரணியகலைப் பெண்ணின் மனத்திலே நூலிலில்லாத ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது என்று எண்ணிக்கொள்க. அவளுடைய தாய்மாமன் ஒருகால் கசிப்பு வழக்கிலே சில மாதம் சிறையிருந்தவர். தாயின் மௌனத்துக்குக் காரணம் அதுவே. "உறவினர் எவரேனும் சிறையில் இருந்ததுண்டா?" என்று சபையிலே கேட்டால் என் செய்வது? இல்லை என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்?

தெரணியகலைப் பட்டினத்திலே ஓய்வுபெற்றிருக்கும் ஒரு சிங்களத் தாதியம்மையாரிடம் அவள் ஒத்திகைக்குச் சென்றதாகவும், அவரிடமே இதனைக் கேட்டதாகவும் வைத்துக்கொள்வோம். அனுபவம் முதிர்ந்த எவரும் கூறும் விடை ஒன்றே. "மாமா போனது உன் குற்றம் இல்ல மகளே. மறைச்சா அது உன் குற்றம்." சிறைப்பணிக்கு ஆளெடுப்போர் குடும்பத்தின் குறையை அளப்பதைவிட விண்ணப்பதாரியின் நேர்மையையே அளப்பர். மறைத்த ஒன்று பின்னர் வெளிப்பட்டால், அதை அறிந்த எவரும் அதனைக் கொண்டே அவளை அச்சுறுத்தலாம். கேட்டால் உள்ளதைச் சுருங்கச் சொல்லுதல் வேண்டும். அந்த உறவினர் இருக்கும் சிறையிலே பணிபுரிய நேர்ந்தால் மேலதிகாரிக்கு முன்னரே அறிவிப்பதாகவுங் கூறல் வேண்டும். அவ்வளவே. கண்ணீரும் வேண்டா, விரிவுரையும் வேண்டா.

ஒத்திகையின் முறையையும் கூறல் வேண்டும். விடைகளை எழுதி மனனஞ் செய்தல் பயனற்றது. தன் பயிற்சிக் காலத்திலே நேர்ந்த நான்கைந்து நிகழ்ச்சிகளைத் தெரிந்தெடுத்து, நேர்ந்தது யாது, தான் செய்தது யாது, அதனால் விளைந்தது யாது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகல் வேண்டும். சினமுற்ற நோயாளி ஒருவரை அமைதிப்படுத்தியது ஒன்று. தன் பிழையைத் தானே உணர்ந்து அறிவித்தது ஒன்று. வைத்தியரின் கட்டளையிலே ஐயம் எழுந்து பணிவுடன் கேட்டது ஒன்று. பெருஞ்செயல்கள் வேண்டியதில்லை. மருந்தின் அளவை இருமுறை பார்த்ததால் ஒரு தவறு தடைப்பட்டது என்னும் சிறு நிகழ்ச்சி, பத்து உயர்ந்த வாக்கியங்களுக்கு மேலானது. தெரியாததைக் கேட்டால், "அறியேன், இன்னாரிடம் கேட்டுச் செய்வேன்" என்று சொல்லலாம். சிறையிலே துணிந்து ஊகிப்பவளைவிடக் கேட்டுத் தெளிபவளே வேண்டப்படுவாள்.

"அவர்கள் செய்த குற்றத்தை அறிந்தால் வெறுப்புத் தோன்றாதா?" என்று கேட்டால், தோன்றவே தோன்றாது என்று பெருமை பேசலாகாது. தாதியும் மனிதப் பிறவியே. புண்ணுக்கு மருந்திடுவதற்குக் குற்றம் இன்னதென்று அறியவேண்டியதில்லை. ஆதலின் தான் தேடி அறியப்போவதில்லை. அறிய நேர்ந்தாலும் சிகிச்சையிலே வேறுபாடு வராது. மனம் தாங்காவிடில் மேலதிகாரியிடம் பேசுவேன் என்று கூறுவதே மெய்யான விடை. "அஞ்சவில்லையா?" என்னுங் கேள்விக்கும் இதுவே முறை. அச்சமே இல்லை என்பவளைக் காவலர் அஞ்சுவர்.

முடிவிலே, "எம்மிடம் கேட்க ஏதேனும் உண்டா?" என்பர். உண்டு என்றே சொல்லல் வேண்டும். பணி தொடங்குமுன் சிறை ஒழுங்குகளிற் பயிற்சி உண்டா, ஈரலழற்சித் தடுப்பூசியும் சயரோகப் பரிசோதனையும் கிடைக்குமா, இரவுப் பணியிலே எந்த வைத்தியரை அழைத்தல் வேண்டும் என்பன போன்ற கேள்விகள், பணியை அவள் உள்ளபடியே எண்ணிப் பார்த்திருக்கின்றாள் என்பதைக் காட்டும்.

பயண ஏற்பாட்டையும் மறக்கலாகாது. தெரணியகலையில் மழை பெய்தால் மலைச் சாலையிலே மண் சரியும். விடியற்கால பஸ்ஸை நம்பி, அவிசாவளை வழியாக அன்றே கொழும்பை அடைந்துவிடலாம் என்று இருத்தல் ஆபத்து. முதல் நாளே சென்று உறவினர் வீட்டிலே தங்குதல் உசிதம். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, பதிவுச் சான்று, பயிற்சிச் சான்று ஆகிய மூலப் பத்திரங்களையும் பிரதிகளையும் நனையாத உறையிலே வைத்தல் வேண்டும். நியமனக் கடிதம் தோட்டக் கந்தோரிலே தங்கிவிடாதபடி, பட்டினத்திலே நம்பிக்கையான ஒருவரின் முகவரியையும் தன் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து வைத்தல் நன்று.

புறப்படும் மாலையிலே, மலையால் இறங்கிய தாய் நேரே வீட்டுக்கு வந்து, மகளின் சேலையை மடித்துப் பையிலே வைப்பாளாயின், அதுவே அவளுடைய சம்மதம். ஒன்று மாத்திரம் கேட்பாள்: "அங்க நம்ம ஆளுங்க இருந்தா நல்லாப் பாப்பியா?"

"எல்லாரையும் பாப்பேம்மா" என்பாள் மகள்.

கொழும்பிலே 1841இல் எழுந்த வெலிக்கடைச் சிறையின் மதிலிலே, கைதிகளும் மனிதரே என்னும் வாக்கியம் வழிச்செல்வோர் காண எழுதப்பட்டிருக்கின்றது. மதிலின் வெளிப்புறத்திலே எழுதப்பட்ட அச்சொல்லை உட்புறத்திலே மெய்யாக்குபவரிற் சிறைத் தாதியும் ஒருத்தி. அப்பணிக்குத் தகுதியானவளா என்பதையே பரீட்சைச் சபை அறிய விரும்புகின்றது. தாய்க்குச் சொன்ன விடையையே சபைக்கும் சொல்லத் தெரணியகலைப் பெண்ணுக்கு முடியுமாயின், அவள் ஆயத்தம் நிறைவுற்றது எனலாம்.